ஸ்வீட் ஸ்டால் அலமாரியில் ஒரு மரக்கால்

எங்கள் ஊரில் ஒரு பழம்பொருள் கூடம் இருக்கிறது. கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில், பழைய சத்திரத்தின் திண்ணையை ஒட்டி 18க்கு 24 அடியில் ஓர் அறை, மூன்று கண்ணாடி அலமாரி, சுவர் முழுக்க ஆணி, ஒரு மேசை, வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் நடத்துகிறார், ஊரே அவரை சார் என்றுதான் கூப்பிடும். நான் கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். அங்கே டியூப் லைட் மாட்டப் போனவன் அப்படியே மாட்டிக்கொண்டேன், ஆறு வருடம் ஆகிறது.

வருடம் முழுக்க ஒரே பொருளை வைத்திருந்தால் ஒரு முறை வந்தவர் மறுமுறை வருவதில்லை. அதனால் வருடத்துக்கு நான்கு தடவை காட்சியை மாற்றலாம் என்று சார் ஒரு திட்டம் போட்டார். ஆடியில் ஆறும் பாசனமும், புரட்டாசியில் கொலு, தையில் அறுவடை, சித்திரையில் பழைய கணக்கு, பத்திரம், பஞ்சாங்கம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எந்தப் பொருளை எப்போது வெளியே எடுக்கலாம் என்பதைப் பண்டிகை முடிவு செய்வதில்லை, காற்றில் இருக்கும் ஈரம் முடிவு செய்கிறது என்று. இந்தப் பதிவு தை மாதக் காட்சியை இரண்டு முறை செய்த கதை. முதல் முறை கெடுத்தது, இரண்டாவது முறை ஓரளவு சரி செய்தது.

முதல் வருடம் எங்களிடம் இருந்தவை இவை: பலா மரத்தில் கடைந்து இரும்புப் பூண் போட்ட, நெல் அளக்கும் மரக்கால் ஒன்று, பித்தளைப் படி மூன்று, உழக்கு, ஆழாக்கு, ஒரு பண்ணை வீட்டிலிருந்து வந்த 1968ஆம் வருடத்து அறுவடைக் கணக்கு நோட்டு (அதில் ஒரு பக்கத்தில் ‘ஆடுதுறை 27’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது, பக்கத்து ஊர் ஆராய்ச்சி நிலையத்து நெல் ரகம் என்பதால் எங்களுக்கு அது ஒரு பெருமை), அப்புறம் அலங்காரத்துக்குப் புதுநெல் கதிர்க்கொத்து. இவற்றை வைக்க மூடிய ஸ்வீட் ஸ்டால் ஒன்றிலிருந்து வாங்கிய கண்ணாடி அலமாரி. முன்பக்கம் சாய்வுக் கண்ணாடி, உள்ளே மஞ்சள் பல்பு, விலை மலிவு. கீழ்ப்பலகை பாகு ஊறி வீணாகியிருந்ததால் ஆசாரியைக் கூப்பிட்டுப் புது பிளைவுட் போட்டோம்.

முதலில் எறும்பு வந்தது. இருபது வருட ஜாங்கிரிப் பாகு அலுமினியச் சட்டத்தின் இடுக்கில் உறைந்து கிடந்திருக்கிறது, நாங்கள் வெளியே தெரிகிற இடத்தை மட்டும் துடைத்திருக்கிறோம். சட்டத்தைக் கழற்றி வெந்நீர் ஊற்றி மூன்று தடவை கழுவிய பிறகுதான் எறும்பு நின்றது. இது சின்ன விஷயம். மற்றவை அப்படி இல்லை.

படிகளைப் பளபளவென்று வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, உதவிக்கு வந்த ஒருவர் புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, கடைசியில் செங்கல் பொடியும் போட்டுவிட்டார். வீட்டுப் பாத்திரத்துக்கு அது சரி, குறை சொல்ல முடியாது. ஆனால் படியின் வெளிப்பக்கத்தில் ஒரு குழியில் ஈயம் ஊற்றி அதன்மேல் சோதனை முத்திரை குத்தியிருந்தார்கள். ஈயம் நகம் பட்டாலே கீறும், செங்கல் பொடிக்கு என்ன செய்யும்? நான்கு எழுத்தில் இரண்டு போயேபோய்விட்டது. அந்த முத்திரை இருந்திருந்தால் படி எந்த வருடம் சோதிக்கப்பட்டது என்று தேடிப் பார்த்திருக்கலாம். அப்புறம் புளிச்சாறு சில இடங்களில் துத்தநாகத்தை அரித்துவிட்டதால் பித்தளை நிறம் போய்ச் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக நின்றது. இனி எங்கள் கூடத்தில் புளிக்குத் தடை. மெல்லிய பிரஷ், உலர்ந்த துணி, ரொம்ப வேண்டுமானால் கொஞ்சம் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, உடனே துடைப்பது, அவ்வளவுதான்.

கதிர்க்கொத்து இன்னும் மோசம். பொங்கல் கழிந்து மூன்றாவது வாரம் அலமாரியைத் திறந்தால் நெல்மணிகளில் ஊசி குத்தினது மாதிரி ஓட்டை, உள்ளே வைக்கோல் நிறத்தில் குட்டிக் குட்டி அந்துப்பூச்சி பறக்கிறது. கதிரோடு வயலிலிருந்து முட்டையும் வந்திருக்கிறது. அலமாரிக்குள் மஞ்சள் பல்பின் கதகதப்பு வேறு, பூச்சிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். அந்து மரத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் அதைத் தேடிப் போனபோதுதான் மரக்காலின் அடியில் கறுப்புத் தாளை விரித்துத் தட்டிப் பார்த்தேன். மைதா மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. பழைய ஓட்டையென்றால் இப்படிப் புதுத்தூள் வராது. மரக்கால் உள்ளே உயிரோடு எதுவோ தின்றுகொண்டிருக்கிறது.

நோட்டின் கதையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. தைக் காட்சிக்காகக் கார்த்திகைக் கடைசியிலேயே நோட்டை இரும்பு பீரோவிலிருந்து எடுத்து, விரித்து, பக்கம் புரளாமல் இருக்க ஓரத்தில் செலோடேப் ஒட்டி (ஆமாம், நான்தான்) அலமாரியில் வைத்தேன். வெளியே அடைமழை. பத்தாம் நாள் பக்கத்தின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். வெயிலில் போடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெயிலில் போட்டால் மை வெளுக்கும், தாள் சுருளும். நிழலில், மின்விசிறி நேராகப் படாமல், இரண்டு நாள் உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளித்திண்ணையில் உட்கார்ந்து வாட்டர் கலர் பிரஷால் ஒவ்வொரு பக்கமாகத் தட்டி எடுத்தேன். பூஞ்சணம் போய்விட்டது, கறை போகவில்லை. செலோடேப் ஒட்டிய இடத்தில் இப்போது தேன் நிறத்தில் ஒரு கோடு இருக்கிறது. யாராவது கேட்டால் காட்டுவேன்.

கடைசியாக ஒரு மர்மம். பங்குனியில் காட்சியைப் பிரிக்கும்போது படியில் எஞ்சியிருந்த ஈய முத்திரை மேல் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளைப்பூச்சு. யாரும் தொடவில்லை, தண்ணீர் படவில்லை. சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன்.

அதைத் துருவிக்கொண்டு போனதில்தான் ஒரு நல்ல பாடம் படித்தேன். பிளைவுட்டும் அதை ஒட்டிய பசையும் மூடிய பெட்டிக்குள் மெதுவாக அமில ஆவியை விடும். திறந்த அறையில் அது காற்றோடு போய்விடும், கண்ணாடி அலமாரிக்குள் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். ஈயத்துக்கு அது விஷம். ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூப்பது அதனால்தான், அந்தப் பொடி நமக்கும் விஷம், ஊதக் கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. காட்சிப் பெட்டிக்குள் வைக்கிற பலகை, துணி, பெயின்ட் எல்லாம் இப்படி உலோகத்தைக் கெடுக்குமா என்று முன்கூட்டியே பார்க்க, பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆன்ட்ரூ ஆடி என்பவர் 1970களில் ஒரு சோதனை வகுத்திருக்கிறார் (நம் ஆடி மாதத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை). வெள்ளி, ஈயம், செம்பு மூன்றிலும் சின்னத் துண்டு, சோதிக்க வேண்டிய பொருள் கொஞ்சம், சில சொட்டுத் தண்ணீர், எல்லாவற்றையும் கண்ணாடிக் குடுவையில் அடைத்து 60 டிகிரி சூட்டில் 28 நாள். உலோகம் நிறம் மாறினால் அந்தப் பொருள் ஆகாது.

60 டிகிரி அடுப்புக்கு நான் எங்கே போவேன்? நான்கு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டு, என் கடையிலிருந்து உரித்த செம்புக் கம்பி, மருந்து பாட்டில் மூடியில் தண்ணீர். வெள்ளியை விட்டுவிட்டேன், வீட்டில் கொலுசைக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. முதல் பாட்டிலில் அதே பிளைவுட் துண்டு, இரண்டாவதில் அலுமினியத் தாள் சுற்றிய பிளைவுட், மூன்றாவதில் நன்றாக அலசிக் கஞ்சி போக்கிய காடாத்துணி, நான்காவதில் ஒன்றுமே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. சித்திரையில் மொட்டைமாடித் தகர ஷெட்டுக்குள் 28 நாள் வைத்தேன். சோதனைச்சாலைக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், ஆனால் எனக்குப் போதுமான பதில் கிடைத்தது. முதல் பாட்டிலில் ஈயக்குண்டு வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டாவதில் லேசாக, நான் தாளைச் சரியாக மடிக்காத ஓரத்துக்கு எதிரே மட்டும். காடாத்துணி பாட்டிலும் காலி பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தன. ஆக, பலகையை மாற்றப் பணமில்லாவிட்டாலும் வழி இருக்கிறது. எல்லாப் பக்கமும் அலுமினியத் தாள், ஓரங்களில் ஏ.சி. குழாய்க்கு ஒட்டுகிற அலுமினிய டேப், அதன்மேல் அலசிய காடாத்துணி. மூன்று அலமாரிக்கும் அன்றைக்கே செய்தோம்.

அடுத்தது ஈரம். காற்றின் ஈரத்தை அளக்க இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பக் கூடாது. உப்பை வைத்துச் சோதிக்கலாம்: பாட்டில் மூடியில் கல்லுப்பைப் போட்டு, கரைந்து ஓடாமல் கூழ் பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு ஜிப் பையில் காற்றுப் போகாமல் மூடி ஒரு ராத்திரி வைத்தால் மீட்டர் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 70 காட்டியது, பின்னால் ‘+5’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். அந்த மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு வருடம் தினமும் காலையில் கடைக்குப் போகும் வழியில் அளவு எடுத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் அறைக்குள் 85க்குக் கீழே இறங்கவே இல்லை, 65ஐத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நோட்டுக்கு நான் செய்த அநியாயம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தை பிறந்தும்கூடக் காலையில் நன்றாகவே ஏறுகிறது. மாசிக் கடைசியிலிருந்து மத்தியானங்கள் உலர்வாக இருக்கின்றன.

அதன்படி திட்டத்தைத் திருத்தினோம். மழைக்காலத்தில் கல், சுட்ட மண், பீங்கான் மட்டும். காகிதம் சித்திரையில்தான், அதுவும் ஆறு வாரத்துக்கு மேல் கிடையாது. தையில் நோட்டு வேண்டுமென்றால் அதன் ஒளிநகல் போதும், நிஜ நோட்டு சித்திரைக்கு வரும் என்று பக்கத்தில் எழுதி வைத்தால் இரண்டாம் முறை வர அது ஒரு காரணமும் ஆகிறது. உலோகம் இருக்கிற அலமாரிக்குள் ஒரு கிலோ சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற மணி பச்சையானால் இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். சமையல் சட்டியில் வேண்டாம், அதற்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் என் துறை என்பதால் அதிலும் நானே தப்பு செய்திருந்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று நான் மாட்டிய டியூப் லைட்டின் கீழே போன் செயலியில் அளந்தால் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) காட்டுகிறது. போன் அளவு துல்லியம் இல்லை, இருந்தாலும் ஒரு மதிப்புக்கு ஆகும். காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் போதும் என்பது மியூசியக்காரர்கள் கணக்கு. வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போவது, உறங்கினால் தீர்கிற களைப்பு மாதிரி இல்லை. 300இல் ஒரு மாதம் வைப்பதும் 50இல் ஆறு மாதம் வைப்பதும் தாளுக்கு ஒன்றுதான். டியூபைக் கழற்றிவிட்டு, அலமாரிக்கு வெளியே மேலிருந்து படும்படி மஞ்சள் எல்.இ.டி. பட்டை, கூடவே ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சார். ஜன்னலுக்கு இரண்டு மடிப்புக் காடாத்துணி. வயசானவர்கள் படிக்கச் சிரமப்பட்டார்கள், அதனால் விளக்கச் சீட்டின் எழுத்தை இரண்டு மடங்காக்கினோம். எழுத்து பெரிதானதால் வாக்கியம் தானாகச் சுருங்கியது. ‘தொன்மைச் சிறப்பு வாய்ந்த முகத்தலளவைக் கருவி’ என்று இருந்தது ‘நெல் அளக்கும் மரக்கால்’ ஆனது.

நடுவில் கொலு. அதைப் பற்றி நீட்டப் போவதில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். பொம்மைகள் எல்லாம் வீடுகளிலிருந்து இரவல், பண்ருட்டி மண்பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் மரப்பாச்சியும் கலந்து. வாங்கும்போதே நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, எங்கே விரிசல், எங்கே சாயம் உதிர்ந்திருக்கிறது என்று சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் உறவு கெடும். அந்தச் சீட்டையும் மீறி ஒரு விஷயத்தில் மாட்டினோம். காட்சி தீபாவளி வரை என்று போர்டு போட்டிருந்தோம். விஜயதசமி அன்று சாயங்காலம் செட்டியார் பொம்மையைக் கொடுத்த மாமி வந்து நின்றார்.

“ஏம்ப்பா, இன்னும் எல்லாம் நின்னுண்டே இருக்கே, ஒண்ணையாவது படுக்க வைக்க வேண்டாமா?”

“மாமி, இது காட்சிதானே, தீபாவளி வரைக்கும்…”

“காட்சியோ கீட்சியோ, கொலுன்னு வச்சா கொலுதான்.”

அலமாரியைத் திறந்து செட்டியார் பொம்மையைப் பூத்துவாலையில் படுக்க வைத்தார். மறுநாள் வந்த பிள்ளைகள் எல்லாம் ஏன் ஒரு பொம்மை மட்டும் படுத்திருக்கிறது என்று கேட்டார்கள், வேறெந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இப்போது அதையே காட்சியின் ஒரு பகுதியாக வைத்துவிட்டோம்.

மரக்காலுக்கு வருகிறேன். பூச்சிக்கு மருந்தடிக்கப் பலர் சொன்னார்கள், மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார்கள், ஒருவர் வேப்பெண்ணெய் டின்னே கொண்டுவந்துவிட்டார். எண்ணெய் மரத்தின் நிறத்தை மாற்றிவிடும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. குளிர்தான் நல்ல வழி. என் கடைக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் கடை, அங்கே இருக்கிற பெரிய ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போகும். அண்ணனிடம் கேட்டபோது மேலும் கீழும் பார்த்தார்.

“அதுக்குள்ள என்னப்பா இருக்கு?”

“பூச்சிண்ணே.”

“ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துலயா?”

இரண்டு கனமான பாலிதீன் உறை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப் போட்டு மூடியிருக்கிறேன் என்று திறந்து காட்டி (மறுபடி மூடி) சம்மதிக்க வைத்தேன். மார்கழியில் ஐஸ்கிரீம் ஓடாது என்பதால் ஒரு மூலை கிடைத்தது. முறை இதுதான்: பொருளைப் பருத்தித்துணியில் சுற்றி, பாலிதீனில் வைத்து, உள்ளே இருக்கிற காற்றை முடிந்தவரை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். இரண்டு வாரம். எடுத்த பிறகு உடனே பிரிக்கக் கூடாது, ஒரு முழுநாள் அப்படியே விட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்க்கிற மாதிரி இதுவும் வியர்க்கும், அந்த வியர்வை பாலிதீனுக்கு வெளியே நிற்கட்டும். மரக்காலோடு அந்த வருடத்துக் கதிர்க்கொத்தும் ஒரு பையில் உள்ளே போனது. வெளியே எடுத்துக் கறுப்புத் தாளில் வைத்து ஒரு மாதம் கவனித்தேன், தூள் கொட்டவில்லை. இரும்புப் பூணில் உதிர்கிற துருவை மட்டும் நைலான் பிரஷால் எடுத்து, துரு மேலும் ஏறாமல் இருக்க மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு கடுகளவு தடவித் துடைத்தேன். உப்புத்தாள் பக்கமே போகவில்லை.

இரண்டாவது வருடத்துக் காட்சிக்கு இன்னொரு மரக்காலும் வந்து சேர்ந்தது, வேறு ஊரில் வேறு வீட்டிலிருந்து. பார்க்க இரட்டைப்பிள்ளை மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் கணக்கு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அதற்குக் கீழே 1956ஆம் வருடத்துச் சட்டத்தால் மெட்ரிக் அளவு வந்து, 1960களில் படிக்குப் பதில் லிட்டர் புழக்கத்துக்கு வந்தது பற்றி இரண்டு வரி. பிள்ளைகள் அளந்து விளையாட ஒரு தொட்டியில் கேழ்வரகும் தகர ஆழாக்கும்.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு. எண்பதுக்கு மேல் இருக்கும். மரக்கால் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் சாரைப் பார்த்துக் கேட்டார்:

“இது வாங்குற மரக்காலா, குடுக்குற மரக்காலாய்யா?”

சாருக்குப் புரிந்துவிட்டது, எனக்குப் புரியவில்லை. பெரியவர் கேழ்வரகுத் தொட்டிக்கு வந்து கையால் காட்டினார். மேலேயிருந்து கொட்டினால் தானியம் இறுகும், அளவு அதிகம் பிடிக்கும். அள்ளி மெதுவாகச் சாய்த்தால் பொலபொலவென்று நிற்கும், குறைவாகப் பிடிக்கும். குவித்து அளப்பது ஒன்று, தலைதட்டி அளப்பது ஒன்று. “ஒண்ணு”ன்னு ஆரம்பிக்காமல் “லாபம்”, அப்புறம் “ரெண்டு” என்று எண்ணி அளந்தார், பேரன் சிரித்தான். களத்தில் கூலி வாங்கின காலத்தில், நெல் உள்ளே போகிறபோது ஒரு கை, வெளியே வருகிறபோது ஒரு கை என்று சொன்னார், குரலை உயர்த்தவே இல்லை.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு இரண்டு மரக்காலையும் அளந்தோம். தண்ணீர் வேண்டாம், மரம் குடித்துவிடும். அதே கேழ்வரகு, அதே படி, அதே ஆள், தலைதட்டி, ஒவ்வொன்றும் மூன்று தடவை. ஒன்று சரியாக எட்டுப் படி. மற்றது எட்டுப் படிக்குமேல் ஏறக்குறைய மூன்று ஆழாக்கு. மூன்று தடவையும் அப்படியே வந்தது.

இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இரண்டும் வெவ்வேறு வீட்டு மரக்கால், ஊருக்கு ஊர் அளவு மாறியதுண்டு, மரம் சுருங்கும், விளிம்பு தேயும். ஆனால் பெரியவர் கேட்ட கேள்வியைச் சீட்டில் எழுதலாமா என்பதில் எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை. பொங்கல் சமயத்தில் எதற்கு இதெல்லாம் என்று ஒருவர். சார் அமைதியாக, இந்தத் தஞ்சை ஜில்லாவில் கூலிக்கும் சேர்த்துத்தான் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்கு முன்னால் நடந்ததும் நெல்கூலியை உயர்த்தக் கேட்ட போராட்டம்தான், அடுத்த வருடம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, மரக்காலை வைத்துக்கொண்டு கூலியைப் பேசாமல் இருந்தால் அலமாரியில் மறுபடி ஜாங்கிரியே வைக்கலாம் என்றார். நம் நோட்டும் 1968தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒளிநகலில் வேறு பக்கத்தைத் திருப்பினோம்: ‘ஆடுதுறை 27’ இருக்கிற பக்கத்தை எடுத்துவிட்டு, ஆள் பெயருக்கு நேரே கூலிநெல் அளவு எழுதியிருக்கிற பக்கம். பெயர்களை மட்டும் மறைத்தோம், அவர்கள் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள்.

சீட்டில் கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: ‘இரண்டும் மரக்கால். ஒரே அளவா? அளந்து பாருங்கள்.’ நிஜ மரக்காலைத் தொட விட முடியாது என்பதால் தகர வேலை செய்பவரிடம் இரண்டின் கொள்ளளவுக்கும் தகரத்தில் இரண்டு செய்து வாங்கினோம். உயரத்தை ஒன்றாக வைத்து விட்டத்தில் மட்டும் வித்தியாசம் வரும்படி செய்யச் சொல்லியிருந்தேன். முதல் தடவை செய்துகொண்டு வந்தது இரண்டும் ஒரே அளவு. எதற்கு வித்தியாசம், தப்பாகச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்துச் சரி பண்ணிவிட்டேன் என்றார். கதையைச் சொன்ன பிறகு, கூலி வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தார். தை முடிகிற வரை தரையெல்லாம் கேழ்வரகு, தினமும் சாயங்காலம் கூட்டி அள்ளி, சலித்து, வாரம் ஒரு முறை ஃப்ரீசரில் போட்டு எடுத்தோம். எலி வந்தது, அது தனிக்கதை.

மாசி இரண்டாவது வாரம் காட்சியைப் பிரித்தோம். மரக்கால்களைப் பழைய வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, அட்டைப்பெட்டியில், தரையில் படாமல் பலகை மேல். ஈய முத்திரையில் இந்த முறை வெள்ளை இல்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சித்திரைக்கு நோட்டை எடுக்க இன்னும் நாள் இருக்கிறது.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்தி, சிமென்ட் சாக்கில் எதையோ இறக்கினார். மூன்றாவது மரக்கால். அவர் வீட்டுப் பரணில் கிடந்ததாம், பேப்பர் விரித்துத் தட்டுவதற்கு முன்னாலேயே சாக்கின் அடியில் மாவு கொட்டிக் கிடந்தது. ஐஸ்கிரீம் அண்ணனிடம் ஓடினேன். வெயில் ஆரம்பித்துவிட்டது, ஃப்ரீசரில் குல்ஃபிக்கே இடமில்லை, ஆடிக்கு மேல் வா என்றுவிட்டார். இரண்டு பாலிதீன் உறைக்குள் மூடி, என் கடையில் பழைய மோட்டார்கள் வைக்கிற மூலையில், மற்ற எதையும் ஒட்டாமல் தனியாக வைத்திருக்கிறேன். ராத்திரி கடை சாத்தும்போது காதை வைத்துக் கேட்டால் ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் உறையின் அடியில் தூள் தினமும் கொஞ்சம் கூடுகிறது.